காய்ச்சலின் மேல் போட்ட பழி

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு சுவரில் விரல் மூட்டால் தட்டுவார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், மலசலகூடம் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பெண்ணின் முறை அதற்குப் பிறகுதான் வரும். கிண்ணியாவில் வீடு பெண்ணுக்கு உரியது. தாயின் வீடு மகளுக்குப் போகும்; மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். தன் மகன் எங்கே படுத்து எழும்பப் போகிறான் என்று அவருடைய உம்மா குழாய் முதல் கூரை வரை பார்ப்பதில் யாரும் குறை காண்பதில்லை.

எங்கள் வீட்டில், வருகிறவர்கள் படலையைத் தாண்டுமுன் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்றும் இருந்தது. தம்பியை வெளியே அனுப்ப வேண்டும்.

தம்பிக்கு இருபது வயதாகிறது. உயரமானவன். நீண்ட முகம், பெரிய காதுகள். யாரைக் கண்டாலும் ஸலாம் சொல்லிக் கையை நீட்டுவான்; நீட்டும்போதே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். “வாங்கஇரிங்கதேத்தண்ணிகுடிங்க” என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லாகச் சொல்லுவான். சந்தோஷம் கூடினாலும் பயம் கூடினாலும் புறங்கையைக் கடிப்பான். கடித்துக் கடித்து அந்த இடத்தில் தோல் குதிக்காலைப் போலத் தடித்துவிட்டது. நாங்கள் சொல்வதன் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லுவான். வீட்டுக்கு ஆட்கள் வருகிற நாளில் வாப்பா அவனைத் தன் தோணியில் ஏற்றிக்கொண்டு குடாப் பக்கம் போய்விடுவார். கடலில் அவன் தன் கையைக் கடிப்பதே இல்லை என்று வாப்பா பெருமையாகச் சொல்லுவார்.

அவன் ஏன் இப்படி என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் பதில் ஒன்று தயாராக இருந்தது. காய்ச்சல். சின்ன வயதில் அவனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது உண்மை. அப்போது பாலம் கட்டப்படவில்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் தண்ணீரைக் கடந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொழுது பட்டபின் அது ஓடாது. உம்மா விடியும்வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். “அதுக்கிடையில காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டு” என்று ஊர் முடிவு செய்தது. சிலர், தாய் நித்திரையாகிவிட்டாள் என்றார்கள். நூல் ஓதிக் கட்டப் போய் நேரத்தை விட்டுவிட்டாள் என்றும் கதை இருந்தது. உம்மா எதையும் மறுத்ததில்லை. “நான்தான் பிந்திட்டன்” என்பார். தொழுது முடித்துக் கையேந்தும்போது அவர் கேட்கும் மன்னிப்பு எது என்று எனக்குச் சிறு வயதிலேயே தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். உம்மா இன்றைக்கும் பெருவிரல் வைப்பவர். வாப்பாவுக்குத் தன் தோணியில் எழுதியிருக்கும் இலக்கம் மட்டும் வாசிக்கத் தெரியும். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் பல்கலைக்கழகம் போன பிறகு உம்மா என்னோடு மரியாதை போட்டுக் கதைக்கத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மூத்தவளான எனக்கு வரவேண்டிய வீட்டைத் தங்கச்சிக்குக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். “என்ட சீதனம் என்ட படிப்பு” என்று சபையில் சொன்னேன். அந்த வசனத்தை அதற்கு முன் பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

தம்பியை நான் முதலில் அடையாளம் கண்டது ஒரு வகுப்பறையில். இறுதி வருடம். விரிவுரையாளர் திரையில் ஒரு பையனின் படத்தைப் போட்டார். எந்த நாட்டுப் பையனோ. நீண்ட முகம், பெரிய காதுகள். பிரஜைல் எக்ஸ் என்று அந்த நிலைக்குப் பெயர் சொன்னார். இவர்கள் எப்படிக் கை கொடுப்பார்கள் தெரியுமா என்று கேட்டு, ஒரு கையை நீட்டி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல; நடித்துக் காட்டினால் யாரும் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. எனக்கோ, கூட்டாத வீட்டுக்குள் அத்தனை பேரும் செருப்போடு வந்துவிட்டதைப் போல இருந்தது. தலையைக் குனிந்து எழுதுவதைப் போல வைத்துக்கொண்டேன். ஹிஜாபுக்குள் இருந்த என் காதுகள் சுட்டன. அவை எந்த அளவு என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

அந்த நிலையில் காணாமல் போவது ஒரே ஒரு புரதம். எக்ஸ் குரோமோசோம் எனும் நிறமூர்த்தத்தில் இருக்கும் ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவரில் தீங்கில்லாத நீளத்தில் இருக்கும் துண்டு அடுத்த தலைமுறைக்குக் கடக்கும்போது நீண்டுவிடக்கூடும். அதிகம் நீண்டால் மரபணு வாயை மூடிக்கொள்ளும், புரதம் உண்டாகாது. அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. இன்ன புரதத்தைச் செய் என்ற செய்தியை உயிர்க்கலத்துக்குள் கொண்டு திரிவது ஆர்.என்.ஏ. நரம்புக்கலத்தில் அந்தச் செய்தி நெடுந்தூரம் போக வேண்டும்: ஒரு கலம் இன்னொன்றைத் தொடும் நுனி வரைக்கும். இந்தப் புரதம் செய்தியைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். போன இடத்தில் உடனே வாசிக்க விடாது. தேவை வரும்வரை பொத்தி வைத்திருந்து, வந்ததும் கையை விடும். பிடித்து வைக்க ஆள் இல்லாவிட்டால் செய்திகள் கண்டபடி வாசிக்கப்படும். தேவைக்கு மேலே புரதங்கள் உண்டாகும். கலங்களுக்கிடையிலான தொடுப்புகள் சரியாக முற்றாமல் நிற்கும். இந்த வகைப் புரதங்கள் இன்னும் நிறைய உண்டு. அவற்றில் வேறு சில பழுதுபட்டாலும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி தடம் மாறுகிறது. அங்கிருந்து, என் தம்பி கையைக் கடிப்பது வரை போகும் வழி முழுவதையும் இன்னும் யாரும் வரைந்து முடிக்கவில்லை. எலிகளில் பலித்த மருந்துகள் மனிதரில் எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை.

நான் வேலை செய்வது இந்தப் புரதத்தோடுதான். அதன் பெயரைத் தம்பியின் பெயரைவிட அதிக தடவை சொல்லியிருக்கிறேன். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், சுவாரசியமான மூலக்கூறு என்பேன். வீட்டில் ஒருவன் இருக்கிறான் என்று சொன்னதில்லை.

போன முறை ஊருக்கு வந்தபோது தம்பியைப் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் அவனைப் பார்த்தார், நான் சொன்னதைக் கேட்டார், இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். “உடம்புல சத்து இரிக்கா எண்டு பார்க்கிறதுக்கு” என்று உம்மாவிடம் சொல்லிவைத்தேன். பிறகு ஒரு நாள் ஆய்வுகூடத்துக்கு வெளியே நின்றபடி வைத்தியரின் அழைப்பை எடுத்தேன். நீங்கள் நினைத்தது சரிதான் என்றார் அவர். என் மனதில் முதலில் வந்தது கவலை அல்ல. பரீட்சை முடிவு பார்த்த சந்தோஷம். இதை எழுதும்போது எழுத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஊருக்கு பஸ் ஏறினேன். தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நல்லவர் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுத் தரைக்குப் புது ஓடு பதித்திருந்தது. உம்மா குசினியில் வட்டலப்ப இனிப்புக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார். இதுதான் நல்ல நேரம் என்று நினைத்தேன்.

“உம்மா, உங்களுக்கொரு நல்ல கதை கொண்டு வந்திரிக்கன்.”

“என்ன, உங்களுக்கும் ஆராவது மாப்பிள பார்த்திட்டாங்களா?”

“பகிடி விடாதீங்க. தம்பிட ரத்தம் எடுத்ததானே, முடிவு வந்திட்டு. இது காய்ச்சலால வந்ததே இல்ல உம்மா. நீங்க பிந்தினதால இல்ல. அண்டைக்கு ஹெலியில தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் அவன் இப்படித்தான்.”

உம்மாவின் கை நிற்கவில்லை. முட்டை நுரைத்து ஏனத்தின் விளிம்புக்கு வந்தது.

“அப்ப எதால?”

“பொறக்கும்போதே இரிந்தது. உடம்புல ஒரு சாமான் உண்டாகாமப் போயிட்டு. அது பரம்பரையா வாற ஒண்டு.”

“ஆருட பரம்பரை?”

நான் தயங்கியிருக்க வேண்டும். தயங்கவில்லை. பாடம் நடத்தும் குரல் வந்துவிட்டது. “ஆம்பிளப் புள்ளைக்கு எக்ஸ் தாயிட்ட இரிந்துதான் வரும். அதனால உங்கட பக்கத்தாலதான். ஆனா அதில ஆருட பிழையும் இல்ல உம்மா, அதத்தான் சொல்ல வாறன்.”

“என்னட்ட இரிந்தா அவனுக்குப் போன?”

“ஓம்.”

“அப்ப உங்க ரெண்டு பேருக்கும்?”

“வந்தும் இரிக்கலாம், வராமலும் இரிக்கலாம். பாதிக்குப் பாதி. வந்திருந்தா எங்கட புள்ளயளுக்குப் போகலாம்.”

“மருந்து இரிக்கா?”

“இன்னும் இல்ல.”

உம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “மருந்தில்லாத ஒண்ட எதுக்கு மகள் கண்டுபிடிச்ச?”

உங்களுக்காகத்தான் என்றேன். உங்கள் மேல் இருக்கிற பழி போகட்டும் என்றுதான். உம்மா என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? அடுப்புக்கு மிக அருகில் போய்விட்ட சின்னப் பிள்ளையைப் பார்ப்பதைப் போல பார்த்தார்.

“என்ட பிழையெண்டா அது என்னோட போகும். நான் மவுத்தானா மண்ணுக்குள்ள போயிடும். ரத்தமெண்டா உன்னையும் பிடிக்கும், அவளையும் பிடிக்கும், உங்கட புள்ளயளையும் பிடிக்கும். ஊர் என்னைப் பேசட்டும். எனக்கு அது பழகிட்டு. நீ வாயத் தொறக்காத. நாளைக்கு அவங்க கேட்டா காய்ச்சல் எண்டு சொல்லு.”

வருடங்களுக்குப் பிறகு உம்மா என்னை ‘நீ’ என்று சொன்னதைக்கூட நான் அந்த நேரம் கவனிக்கவில்லை. நான் கொண்டுவந்த விடுதலையை அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் கச்சான் காற்று வலுத்திருந்தது. தோணி இறக்க ஏலாது என்று வாப்பா தம்பியை இறங்குதுறைப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் உம்மாவும் அவருடைய தங்கையும் வந்தார்கள். குழாயைத் திறந்தார்கள், தரையோட்டைக் காலால் தேய்த்துப் பார்த்தார்கள், தங்கச்சியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்கள். எல்லாம் நன்றாகப் போனது. மாப்பிள்ளையின் சின்னம்மா என்னைப் பார்த்து, “கொழும்புப் புள்ள, தங்கச்சி முந்திட்டா. நீங்க சோதனைக் குழாயத்தான் கட்டப் போறீங்களா?” என்று கேட்க, “அது குறட்டை விடாது மாமி” என்றேன். சபை சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தம்பி உள்ளே வந்துவிட்டான். சைலன்சர் உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்று இறங்குதுறையில் நின்று உறுமியதாம். காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறான். பின்னால் வாப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். தம்பி நேராக மாப்பிள்ளையின் உம்மாவிடம் போய், ஸலாம் சொல்லி, கையை நீட்டி, முகத்தைச் சுவருக்குத் திருப்பினான். “வாங்கஇரிங்கதேத்தண்ணிகுடிங்க.” மற்றக் கையைக் கடிக்கத் தொடங்கினான்.

அந்த அம்மையார் அவன் கையை விடவில்லை. “ஓம் மகன், இரிக்கம்தானே” என்றார். அவன் முகம் திரும்புமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். உம்மாவைக் கேட்கவில்லை, வாப்பாவைக் கேட்கவில்லை.

“நீங்க இதுகளப் படிச்ச ஆள். ஊருக்குள்ள காய்ச்சல் எண்டு சொல்றாங்க. சரிதானா?”

உம்மா தேநீர்த் தட்டைப் பிடித்தபடி நின்றார். தங்கச்சி தன் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் மாமி. காய்ச்சல்தான்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூளைக்காய்ச்சல் சின்ன வயதில் வந்தால் மூளையின் எந்தப் பகுதி பழுதாகும், அதனால் பேச்சு எப்படிப் பாதிக்கும் என்று பெரிய சொற்களில் விளக்கினேன். பொய் சொல்லும்போதுகூட எனக்குப் படித்தவளாகத் தெரிய வேண்டியிருந்தது.

“வீட்டுல படிச்ச ஒராள் இரிக்கிறது எவ்வளவு நல்லம்” என்றார் அவர் தன் தங்கையிடம். “ஊர்க் கதைய நம்பிக்கொண்டு இரிக்கத் தேவையில்ல.” வட்டலப்பத்தை ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உம்மா என் தட்டில் பெரிய துண்டாக வைத்தார்.

அவர்கள் போனபிறகு கிணற்றடியில் தங்கச்சி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். துடைக்கப் போனேன்.

“நேத்து குசினிக்குள்ள கதைச்சது எனக்குக் கேட்டது ராத்தா” என்றாள்.

நான் ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தேன்.

“பாதி விளங்கின. மிச்சத்த எனக்குச் சொல்லுங்க. உம்மாக்குச் சொன்ன மாதிரி இல்லாம விளங்கிற மாதிரி சொல்லுங்க.”

சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். கல்யாணச் சாப்பாட்டை வைத்துச் சொன்னேன். பந்தலில் ஆட்கள் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சமையல் பக்கம் சட்டிகளுக்குக் கிட்ட ஓர் ஆள் நின்று மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பான். இப்போது சோறு, இப்போது இறைச்சி, அது முடிந்தால் வட்டலப்பம் என்று அவன் சொன்னால்தான் சட்டி நகரும். அந்த ஆள் வராவிட்டால்?

“எல்லாச் சட்டியும் ஒரே நேரத்தில வந்திடும். சோத்துக்கு மேல வட்டலப்பம்.” கொஞ்சம் சிரித்தாள். “தம்பிட மண்டைக்குள்ள நெடுகலும் அப்படியா?”

“கிட்டத்தட்ட.”

“பாவம்.” அடுத்த கோப்பையைக் கழுவினாள். “நீங்க பார்த்திட்டீங்களா?”

“என்னத்த?”

“உங்கட ரத்தத்த.”

அந்தப் புரதத்தைச் சுற்றியே வேலை செய்கிறேன். இரத்தம் எடுக்கும் இடம் நான் தினமும் கடந்து போகும் வழியில் இருக்கிறது. படம் திரையில் விழுந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி எனக்குத் தெரியும்.

“நேரம் கிடைக்கல்ல” என்றேன்.

“தம்பிட ரத்தத்துக்கு நேரம் கிடைச்சதானே.”

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. தம்பியின் கையைப் பிடித்து நீட்டிக் கொடுத்தது நான். அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. என்னால் முடியும், அதனால் என் கையை நான் நீட்டவில்லை.

“எனக்குப் பயம்” என்றேன். தங்கச்சியிடம் நான் அதுவரை சொல்லாத சொல்.

“எனக்கும்தான். ஆனா நான் அவருக்குச் சொல்லத்தான் போறன். இந்த வீட்டுக்க வந்து இரிக்கப் போறவர். என்ட புள்ளைக்கு வாப்பாவாகப் போறவர். பொறகு தெரிய வந்தா என்ட மூஞ்சியப் பார்ப்பாரா?” கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தாள். “மாமிட்ட நீங்கதான் சொல்ல வேணும். பொய் சொன்னது நீங்க.”

உம்மாவிடம் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் பாலத்தைக் கடந்து போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். குடாவில் கப்பல்கள் நின்றன. இரண்டு பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டு போனோம். மாப்பிள்ளையின் வீடு நகரத்தில், உள்துறைமுகத்துக்குக் கிட்ட. வேலை முடிந்து வந்திருந்த அவர் எங்களைக் கண்டதும் சட்டையை மாற்ற உள்ளே ஓடினார். அவருடைய உம்மா கதிரைகளை இழுத்துப் போட்டார்.

எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை. “மாமி, நான் அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான்” என்றேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். பெரிய சொல் ஒன்றும் போடவில்லை. தாய் வழியாக வருவது, தங்கச்சிக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இரத்தம் பார்த்தால் தெரியும், எனக்கும் அப்படித்தான். சொல்லச் சொல்ல அந்தக் கதை சின்னதாகிக்கொண்டு போனது. சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

மாமி கோபப்பட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அண்டைக்கு உங்கட உம்மாட்ட கேக்காம உங்கள்ட்ட ஏன் கேட்டன், தெரியுமா?” என்றார். “தாய் மறைப்பா. நானும் மறைப்பன். எல்லாத் தாயும் மறைப்பா. படிச்ச புள்ள மறைக்காது எண்டு நினைச்சன்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“இப்ப நீங்க சொல்றத மட்டும் எப்படி நம்புற?”

“என்னை நம்ப வேண்டாம் மாமி. டொக்டரோட கதையுங்க. நான் கூட்டிக்கொண்டு போறன்.”

“நீங்க கூட்டிக்கொண்டு போகத் தேவையில்ல. எங்களுக்கு வழி தெரியும்.”

மாப்பிள்ளை வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. தங்கச்சி அவரைப் பார்த்து, “உங்களுக்கு என்ன சொல்லணும் போல இரிக்கி?” என்று நேராகவே கேட்டாள். அவர் மேசையில் இருந்த தன் தொப்பியை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். “பயமா இரிக்கி” என்றார். “கிரேன்ல ஏறின முதல் நாள் மாதிரி.” தங்கச்சிக்கு அது போதுமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

“கல்யாணத்த நிப்பாட்டல்ல” என்றார் அவருடைய உம்மா எழும்பிக்கொண்டு. “தள்ளி வெப்பம். கூரை ஒழுகுமா எண்டு பார்த்தம்தானே, இதையும் பார்த்திட்டுக் கதைப்பம். பார்த்ததுக்குப் பொறகு நான் என்ன சொல்லுவன் எண்டு இப்ப சொல்ல ஏலாது. அதையும் பொய் இல்லாமச் சொல்லிவெக்கன்.” தங்கச்சியின் தலையைத் தடவினார். என்னைத் தொடவில்லை.

கல்யாணம் தள்ளிப்போன செய்தி எங்களுக்கு முன்னே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உம்மா எங்களை ஏசவில்லை. தங்கச்சியோடு வழமைபோலக் கதைத்தார். என்னோடு மட்டும் கதைக்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் சொன்னார்.

“தம்பி, ராத்தாவச் சாப்பிடச் சொல்லு.”

“ராத்தாவச் சாப்பிடச் சொல்லு. ராத்தாவச் சாப்பிடச் சொல்லு. ராத்தாவச் சாப்பிடச் சொல்லு” என்று தம்பி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பான், நான் வந்து சோற்றுக் கோப்பையின் முன் உட்காரும்வரை. தங்கச்சிக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வேறு நாளென்றால் வந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர்கள் வேலியால் எட்டிப் பார்த்து, ஏன் கல்யாணம் தள்ளிப்போனது என்று கேட்டபோது, உம்மா என் முன்னாலேயே, “வீட்டு வேல முடியல்ல” என்றார். எங்கள் வீட்டின் இன்னொரு பொய்யையும் அவர் தன் மேல் எடுத்துக்கொண்டார். அவர் மேல் இருந்த பழியை இறக்கி வைக்கிறேன் என்று வந்தவள் நான். அவர் சுமக்க இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சியும் நானும் இரத்தம் கொடுக்கப் போகும் காலையில் உம்மா குளித்து, நல்ல சேலை உடுத்து, முக்காடிட்டு, படலையடியில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தம்பியை வாப்பாவிடம் விட்டுவிட்டு எங்களுக்கு முன்னே பஸ்ஸில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி முதலில் கை நீட்டினாள். அடுத்தது நான். தாதி எனக்கு இரத்த நாளம் தேடிக்கொண்டிருந்தபோது உம்மா பக்கத்துக் கதிரையில் வந்திருந்து தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே உருட்டினார்.

“உம்மா, உங்களுக்குத் தேவையில்ல” என்றேன். “உங்கள்ட்ட இரிக்கி எண்டது தெரிஞ்ச விஷயம். தம்பிக்கு இரிந்தா உங்களுக்குக் கட்டாயம் இரிக்கும்.” அந்தக் குரல், அந்தப் பாடம் நடத்தும் குரல், மறுபடியும் வந்துவிட்டது. தாதியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உம்மா தாதியிடம்தான் பதில் சொன்னார். “என்ட புள்ளயள் கைய நீட்டிக்கொண்டு இரிக்கக்குள்ள நான் சும்மா இரிந்து பார்க்கிறதா? என்டதையும் எடுங்க.”

தாதி வைத்தியரிடம் கேட்கப் போனார். திரும்பி வந்து, தாயினுடையதையும் பார்ப்பது நல்லதுதானாம், அந்தத் துண்டு தாயில் எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவுமாம் என்றார். எனக்கும் அது தெரியும். உம்மாவிடம் பேசும்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்று பேரும் முழங்கையை மடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தோம். முடிவு வர நாளெடுக்கும் என்றார்கள். இதை எழுதும்போதும் வரவில்லை. தங்கச்சி தொலைபேசியில் மாப்பிள்ளைக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தாள். என் பஞ்சு நழுவி, இரத்தம் சட்டைக் கையில் ஒரு பொட்டாகக் கசிந்தது. உம்மா அதைக் கண்டு, தன் பெருவிரலை என் கையில் வைத்து அழுத்தினார். தம்பி கூட இல்லை, யாரிடம் சொல்லி அனுப்புவது என்று ஒரு கணம் யோசித்தவரைப் போலச் சுற்றிப் பார்த்தார்.

“காலையில ஒண்டும் தின்னல்லதானே நீ” என்றார் கடைசியில், என்னிடமே.

இல்லை என்று தலையசைத்தேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் விரலை எடுக்கவும் இல்லை.